மணிவேளை நூல்கள்: வரைந்தவர்களும் வைத்திருந்தவர்களும்

மணிவேளை நூல்கள் எனப்படும் ஐரோப்பிய நடுக்காலத்துப் பிரார்த்தனை நூல்களின் பக்கங்களைப் படங்களாகப் பார்த்த ஒருவர் மூன்று ஐயங்களை எழுப்பியிருக்கிறார்: பொன்னும் நீலமுமாக மின்னும் அந்தச் சித்திரங்களை மடாலயத் துறவிகள்தாம் வரைந்தார்களா, அத்தகைய நூல்களை யார் வைத்திருந்தார்கள், அவற்றின் ஒற்றை ஏடுகள் இன்று ஏலத்துக்கு வருவது எப்படி. முதல் ஐயத்துக்கு உடனே விடை சொல்லிவிடலாம். 12ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் நூல் எழுதும் வேலை பெரும்பாலும் மடங்களுக்குள் நடந்தது உண்மைதான். ஆனால் நம் கண்ணில் அதிகம் படும் பக்கங்கள் 1250க்கும் 1550க்கும் இடைப்பட்டவை. அவற்றை வரைந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நகரத்தில் பட்டறை வைத்து, கூலி பேசி, மனைவி மக்களோடு வாழ்ந்த கைவினைஞர்கள். அவற்றை வாங்கியவர்களும் இல்லறத்தார். அவர்களில் பெண்கள் கணிசமானவர்கள்.

அந்த நூலின் அமைப்பு தெரிந்தால்தான் மற்றவை விளங்கும். துறவிகளும் குருக்களும் நாள்தோறும் எட்டு வேளைகளில் சொல்ல வேண்டிய செபங்கள் உண்டு. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கட்டளைச் செபம் என்று சொல்லும் மரபு அதுவே. நள்ளிரவு கடந்து தொடங்கி இரவுத் தூக்கத்துக்கு முன் முடியும் அந்த ஒழுங்கைப் பார்த்துப் பொதுமக்களும் தங்கள் வீட்டில் அதன் சுருங்கிய வடிவம் ஒன்றைக் கடைப்பிடிக்க விரும்பினார்கள். அவர்களுக்காக அன்னை மரியாளின் பெயரில் அமைந்த எட்டு வேளைச் செபங்களை நடுவில் வைத்து, முன்னே புனிதர்களின் திருநாள்களைக் குறிக்கும் நாட்காட்டியையும், பின்னே மனவருத்தத் திருப்பாடல்கள் ஏழு, புனிதர்களின் மன்றாட்டு மாலை, இறந்தோருக்கான செபம் ஆகியவற்றையும் சேர்த்துக் கட்டிய நூலே மணிவேளை நூல். ஒவ்வொரு வேளைக்கும் தொடக்கத்தில் ஒரு சித்திரம் இருக்கும். வானதூதர் மரியாளுக்குச் சொன்ன மங்கள வார்த்தை முதல் வேளைக்கும், மாட்டுத் தொழுவப் பிறப்பு, இடையர்களுக்குச் செய்தி, மூவரசர் வருகை, எகிப்துக்குத் தப்பிச் செல்லுதல் முதலியவை அடுத்தடுத்த வேளைகளுக்கும் வரும். பக்க எண் இடும் வழக்கம் இல்லாத காலத்தில், படத்தைப் பார்த்தே வேண்டிய இடத்தைப் புரட்டிக்கொள்ளலாம் என்பதும் இந்த ஏற்பாட்டின் பயன்.

இங்கிலாந்தில் செய்யப்பட்டு இன்றும் எஞ்சியிருக்கும் மணிவேளை நூல்களில் மிகப் பழையது ஏறத்தாழ 1240இல் ஆக்ஸ்ஃபோர்டில் உருவானது. அதை வரைந்த வில்லியம் தெ பிரேல்ஸ் தலையுச்சியை மழித்துக்கொண்ட கீழ்நிலைக் குரு. ஆனாலும் திருமணம் ஆனவர், மனைவியோடு சேர்ந்து சொத்து வைத்திருந்தவர். நூலின் ஓர் எழுத்தலங்காரத்துக்குள் தன் உருவத்தைச் சிறிதாக வரைந்து, பக்கத்தில் ‘என்னை வரைந்தவன் வி. தெ பிரேல்ஸ்’ என்ற பொருளில் பிரெஞ்சில் எழுதியும் வைத்தார். அதே நூலில் ஒரு பெண்ணின் உருவம் மண்டியிட்டுச் செபிக்கும் நிலையில் பலமுறை வருகிறது. நூல் அவளுக்காகச் செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. வரைந்தவரும் வாங்கியவரும் ஒரே நூலுக்குள் சந்திக்கும் இந்தக் காட்சி, பின்வந்த முந்நூறு ஆண்டுக் கதைக்கு நல்ல தொடக்கம்.

பாரிசில் இத்தொழில் தெருக்களாகப் பிரிந்திருந்தது. நோத்ர் தாம் பேராலயத்துக்கு எதிரே இருந்த புதுத் தெருவில் நூல் வணிகர்கள் கடை வைத்திருந்தார்கள். ஆற்றின் தென்கரையில் எரம்பூர் தெ பிரி என்ற தெருவில் சித்திரக்காரர்கள் நெருக்கமாகக் குடியிருந்தார்கள். வாடிக்கையாளர் நூல் வணிகரிடம் அளவு, எழுத்து, படங்களின் எண்ணிக்கை, பொன்னின் அளவு எல்லாவற்றையும் பேசி முடிப்பார். வணிகர் அந்த வேலையை எழுத்தருக்கும் எழுத்தலங்காரம் செய்பவருக்கும் ஓரச் சித்திரம் போடுபவருக்கும் முகம் தீட்டும் பெரிய ஓவியருக்கும் பிரித்துக் கொடுப்பார். நூல் தைக்கப்படாத மடிப்புத் தாள்களாகவே கைமாறும். எந்த இடத்தில் எந்தப் படம் வரவேண்டும் என்று ஓரத்தில் மெலிதாக எழுதிய குறிப்புகள் சில பிரதிகளில் அழிக்கப்படாமல் இன்றும் தெரிகின்றன. இந்தத் தெருக்களில் பெண்களும் தொழில் செய்தார்கள். ழான்ன் தெ மோன்பஸ்தோன் கணவர் ரிஷாரோடு சேர்ந்து வரைந்தவர். கணவர் இறந்த பின் 1353இல் பல்கலைக்கழகத்தின் முன் தன் பெயரிலேயே உறுதிமொழி எடுத்துத் தொழிலைத் தொடர்ந்தார். ழான் லெ நுவாருக்கும் அவர் மகள் பூர்கோவுக்கும், பின்னாளில் ஐந்தாம் சார்ல்ஸ் மன்னரான இளவரசர் 1358இல் பாரிசில் ஒரு வீட்டையே அளித்தார்.

மடங்களில் நூல் செய்த காலத்திலும் பெண்கள் அந்த வேலையில் இருந்தார்கள் என்பதற்கு வியப்பான சான்று ஒன்று 2019இல் வெளியானது. ஜெர்மனியின் டால்ஹைம் என்ற இடத்தில், 1000க்கும் 1200க்கும் இடையே இறந்து பெண்துறவிகளின் கல்லறையில் புதைக்கப்பட்ட ஒரு நடுவயதுப் பெண்ணின் பற்காரையில் லாபிஸ் லசூலி என்ற நீலக் கல்லின் துகள்கள் கிடைத்தன. தூரிகையின் நுனியை நாவால் கூராக்கியபோது அந்த நீலம் பல்லில் படிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களில் முதன்மையானது. அந்தக் கல் அக்காலத்தில் ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளிலிருந்து மட்டுமே ஐரோப்பாவுக்கு வந்தது. இடித்துப் பொடியாக்கினால் மட்டும் அது நல்ல நீலம் தராது. மெழுகும் பிசினும் கலந்த மாவில் பொடியைப் பிசைந்து, சாம்பல் காரநீரில் பலமுறை கசக்கினால் முதலில் இறங்குவதே உயர்ந்த நீலம். கடைசியில் இறங்குவது வெளுத்த சாம்பல் நிறம். மரியாளின் மேலாடை அந்த முதல் நீலத்தில் தீட்டப்பட்டது பக்தியால் மட்டும் அன்று. வாங்குபவர் கொடுத்த பணம் கண்ணுக்குத் தெரிய வேண்டிய இடமும் அதுவே.

மற்றப் பொருள்களில் பல நமக்குப் பழக்கமானவை. எழுதும் மை மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்தது. சிவப்புக்குச் சாதிலிங்கம், பச்சைக்குச் செம்புக் களிம்பு. கன்று, ஆடு, செம்மறி ஆகியவற்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைவடிவக் கத்தியால் சுரண்டினால் எழுதும் தோல் கிடைக்கும். பொன்னைப் பொருத்த வேண்டிய இடத்தில் சுதையும் பசையும் சேர்த்து மேடு கட்டி, அது ஈரம் கொள்ள வாயால் ஊதி, தங்க ரேக்கை ஒட்டி, நாய்ப் பல்லால் அல்லது மெருகுக் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். பொன் முதலில், வண்ணம் பிறகு. மாற்றிச் செய்தால் ரேக்கு வண்ணத்தின் மேலும் ஒட்டிக்கொள்ளும். இடையில் ஒரு சொல்லைப் பற்றி: ‘மினியேச்சர்’ என்றால் சிறிய படம் என்றே எல்லோரும் எண்ணுகிறோம். அச்சொல் சிறுமையைக் குறிக்கும் வேரிலிருந்து வரவில்லை. தலைப்பெழுத்துகளைத் தீட்டப் பயன்பட்ட ஈயச் செந்தூரத்தின் லத்தீன் பெயரான ‘மினியம்’ என்பதிலிருந்து வந்தது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த நூலுக்கு வருகிறேன். பிரான்சின் நான்காம் சார்ல்ஸ் மன்னர் தம் மூன்றாவது மனைவி ழான்ன் தெவ்ரூவுக்காக 1324க்கும் 1328க்கும் இடையே ஒரு மணிவேளை நூலைச் செய்வித்தார். ஏடு ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் உயரமும் 6 சென்டிமீட்டர் அகலமும்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். அந்நூலில் 209 ஏடுகள். ஓவியர் ழான் பியூசெல் வண்ணத்தை மிகக் குறைத்து, உருவங்களைச் சாம்பல் நிறத்தின் ஏற்ற இறக்கங்களிலேயே, கல்லில் செதுக்கியவை போல வரைந்தார். மங்கள வார்த்தைக் காட்சிக்கு எதிர்ப்பக்கத்தில் இயேசு கைதாகும் காட்சி. தொடக்கமும் முடிவின் தொடக்கமும் ஒரே விரிப்பில். இந்தக் கனத்துக்குக் கீழே அவர் வைத்திருப்பது என்ன தெரியுமா? ஒரு பக்கத்தின் அடியில் இளையோர் ஒருவரை நடுவில் உட்கார்த்தி அடித்து விளையாடுகிறார்கள். மறுபக்கத்தின் அடியில் ஆட்டின் மேல் ஏறிய இருவர் ஈட்டியோடு ஒரு பீப்பாயைக் குத்த வருகிறார்கள். இவை வெறும் வேடிக்கை என்பாரும், மேலே நடக்கும் துன்பத்தின் கேலி நிழல் என்பாரும் உண்டு. கைதானவரைச் சூழ்ந்து அடிக்கும் கூட்டத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே நடுவில் உட்கார்ந்தவரை அடிக்கும் விளையாட்டு வந்திருப்பதால் இரண்டாவது கருத்தே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மங்கள வார்த்தைப் பக்கத்தின் தலைப்பெழுத்துக்குள் அரசியே கையில் நூலோடு மண்டியிட்டிருக்கிறார். தான் செபிப்பதைத் தன் செபநூலிலேயே பார்த்தபடி அவர் செபித்தார். தம் முப்பாட்டனாராகிய புனித லூயி மன்னருக்கான செபங்களும் அந்நூலில் உள்ளன. கணவர் 1328இல் இறந்தார். அரசி நாற்பதாண்டுகளுக்கு மேல் கைம்பெண்ணாக வாழ்ந்து 1371இல் மறைந்தபோது அந்நூலை ஐந்தாம் சார்ல்ஸ் மன்னருக்கு எழுதி வைத்தார். அந்த உயில்தான் அதை ‘பியூசெல் தீட்டிய’ சிறு செபநூல் என்று குறிப்பிடுகிறது. ஓவியர் இறந்து பல ஆண்டுகள் கழித்தும் அவர் பெயர் நூலோடு ஒட்டி நினைக்கப்பட்டது அக்காலத்தில் அரிது. நூல் இப்போது நியூயார்க்கில், மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் குளோய்ஸ்டர்ஸ் கிளையில் இருக்கிறது.

மணிவேளை நூல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பிரான்சின் ஷான்டிலியில் உள்ள ‘த்ரே ரிஷ் எர்’ (‘மிகச் செழிப்பான மணிவேளை நூல்’). அதை வரைந்த லிம்பூர்க் சகோதரர்கள் பால், ஹெர்மன், ழான் மூவரும் நைமேகன் நகரத்தவர்கள். பர்கண்டிக் கோமகனின் அரண்மனை ஓவியர் ழான் மலுவெல் அவர்களின் தாய்மாமன். பாரிசில் பொற்கொல்லர் ஒருவரிடம் தொழில் பழகிய இளையவர் இருவரும் 1399இல் கொள்ளைநோய்க்கு அஞ்சி ஊர் திரும்பும் வழியில் பிரசல்ஸில் பிடிக்கப்பட்டு, பிணைப்பணத்துக்காகச் சிறையில் வைக்கப்பட்டார்கள். மாமனின் எசமானரான பிலிப் கோமகன் பணம் கொடுத்து மீட்டார். அவர் 1404இல் இறந்த பின் சகோதரர்கள் அவருடைய அண்ணன், பெரி என்ற பிரெஞ்சுப் பகுதியின் கோமகன் ழானிடம் சேர்ந்தார்கள். கோமகனுக்கும் ஓவியர்களுக்கும் இருந்த நெருக்கத்தை ஒரு புத்தாண்டுப் பரிசு காட்டும். 1411 புத்தாண்டு நாளில் சகோதரர்கள் அவருக்கு வெண்பட்டு உறையும் வெள்ளிக் கொக்கிகளும் கொண்ட ஒரு நூலை அளித்தார்கள். திறக்கப் போனால் அது நூலைப் போல வண்ணம் தீட்டிய மரக்கட்டை. கோமகன் அதைக் கோபிக்காமல் வைத்துக்கொண்டார். உள்ளே ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை என்ற குறிப்போடு அவருடைய பொருள் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது.

அந்த நெருக்கத்துக்கு மறுபக்கமும் உண்டு. பூர்ஜ் நகர வணிகக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுமியை, தாயின் விருப்பத்தை மீறி, தம் ஓவியருக்கு மணம் முடிப்பதற்காகக் கோமகன் கோட்டையில் அடைத்து வைத்தார். அந்த ஓவியர் பால் லிம்பூர்க்தான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். மண்ணில் உழுபவரையும் பனியில் குளிர்காய்பவரையும் அவ்வளவு கருணையோடு பார்த்ததாக நாம் புகழும் நாட்காட்டிப் பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தச் செய்தியும் எனக்கு நினைவில் வரும். அந்த நாட்காட்டியில் ஜனவரி மாதம் கோமகனின் விருந்து. தீ தடுக்கும் வட்டத் தட்டியின் முன் நீல உடையில் அவர் அமர்ந்திருக்க, தலைக்கு மேல் ‘அருகே வாருங்கள், அருகே வாருங்கள்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்கள் பொன்னெழுத்தில் இருக்கின்றன. 1416இல் கோமகனும் மூன்று ஓவியர்களும் அடுத்தடுத்து இறந்தார்கள். கொள்ளைநோய் காரணமாக இருக்கலாம். நூல் முடிவடையாமல், தைக்காத மடிப்புத் தாள்களாக ஒரு பெட்டியில் கிடந்தது. சொத்து மதிப்பீட்டாளர்கள் அதற்கு அக்காலப் பிரெஞ்சு நாணயக் கணக்கில் 500 லீவ்ர் விலை போட்டார்கள். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, சவோய் கோமகனுக்காக ழான் கொலோம்ப் எஞ்சிய படங்களை வரைந்து முடித்தார். ஆக, ஒரே மனிதரின் ஒரே காட்சி என்று நாம் எண்ணும் நூலில் குறைந்தது இரண்டு தலைமுறைக் கைகள் உள்ளன.

அரசர்களின் நூல்களையே பேசிக்கொண்டிருந்தால் இந்த நூலின் பரவலைத் தவறாகப் புரிந்துகொள்வோம். 15ஆம் நூற்றாண்டில் வணிகர், வழக்கறிஞர், நகரக் கணக்கர் வீடுகளிலும் மணிவேளை நூல் வந்துவிட்டது. பொன்னும் நீலமும் இழைத்து, இரண்டு பொற்கொக்கிகள் வைத்த மணிவேளை நூல் தனக்கும் வேண்டும் என்று அடம்பிடிக்கும் நகரத்துப் பெண்ணைப் பிரெஞ்சுக் கவிஞர் எஸ்தாஷ் தெஷாம் கேலி செய்து எழுதியது 14ஆம் நூற்றாண்டிலேயே. இந்தத் தேவையை நிறைவேற்றியதில் பிளாண்டர்ஸ் நாட்டின் புரூஜ் நகரம் முன்னின்றது. அங்கே இங்கிலாந்துச் சந்தைக்கென்றே, அந்நாட்டில் வழங்கிய சாலிஸ்பரி வழிபாட்டு முறைப்படி நூல்களை எழுதி வைத்து ஏற்றுமதி செய்தார்கள். படங்களைத் தனி ஏடுகளாக வரைந்து, விற்கும் நேரத்தில் நூலுக்குள் செருகுவதும் உண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்துப் படங்கள் மலிவாக உள்ளே வருவதைத் தடுக்க 1420களில் புரூஜ் ஓவியர்கள் முறையிட்டார்கள். அதன் விளைவாக உள்ளூர் ஓவியர்கள் தம் படங்களில் சிறு முத்திரை குத்தும் விதி வந்தது. கையெழுத்து இடாத அவர்கள் குத்திய செந்நிற முத்திரைகள் சில ஏடுகளில் இன்னும் இருக்கின்றன.

பெரும்பாலான ஓவியர்களுக்குப் பெயரே இல்லை. நாம் இன்று வழங்கும் பெயர்கள் பின்னாள் அறிஞர்கள் வைத்தவை: ரோஹான் குடும்பத்தின் கைக்கு வந்த நூலை வரைந்தவர் ‘ரோஹான் ஆசான்’, பெட்ஃபோர்டு கோமகனின் நூலை வரைந்தவர் ‘பெட்ஃபோர்டு ஆசான்’. உடைமையாளரின் பெயரால் உழைத்தவரைக் குறிப்பது எனக்கு உவப்பில்லை. வேறு வழியும் இல்லை. அந்தப் பெயரற்ற ரோஹான் ஆசான் வரைந்த ஒரு பக்கத்தில் இறந்தவன் ஆடையின்றி மண்டை ஓடுகளுக்கும் எலும்புகளுக்கும் இடையே கிடந்து, தன் ஆவியை ஒப்படைப்பதாகக் கடவுளிடம் லத்தீனில் சொல்கிறான். கடவுளோ அவனுக்குப் பிரெஞ்சில், அவன் தாய்மொழியில் விடை சொல்கிறார். விதிவிலக்காகத் தன் முகத்தை விட்டுச் சென்றவர் புரூஜின் சைமன் பெனிங். 75 வயதில், 1558இல், சாளரத்தருகே அமர்ந்து கையில் மூக்குக்கண்ணாடியோடு தம்மை வரைந்துகொண்டார். நுண்ணிய வேலை கண்ணை என்ன செய்யும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அவர் மகள் லெவினா டேர்லிங்க் இங்கிலாந்து அரண்மனையில் ஓவியராகப் பணியாற்றினார்.

வைத்திருந்தவர்களைப் பற்றி அறிய நூலே பல வழிகளில் உதவுகிறது. நாட்காட்டியில் சிறப்பிக்கப்பட்ட உள்ளூர்ப் புனிதர் யார் என்பது அது எந்த நகரத்துக்காகச் செய்யப்பட்டது என்பதைக் காட்டும். லத்தீன் செபத்தில் ‘உம் அடியேன்’ என்பது ஆண்பாலில் இருக்கிறதா பெண்பாலில் இருக்கிறதா என்று பார்த்தால், அது ஆணுக்கு எழுதப்பட்டதா பெண்ணுக்கு எழுதப்பட்டதா என்பது பல நேரம் தெரிந்துவிடும். வெற்றிடங்களில் குழந்தைகளின் பிறப்பையும் மரணங்களையும் குறித்து வைப்பது பரவலான வழக்கம். வீட்டில் இருந்த ஒரே நூலாக அது இருந்ததும் அதற்கு ஒரு காரணம். இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர், தாம் பழையதாகப் பெற்ற மணிவேளை நூலின் நாட்காட்டியில் அக்டோபர் 2க்கு எதிரே, 1452இல் இந்நாளில் தாம் ஃபாதரிங்கேயில் பிறந்ததாகத் தம் கையாலேயே எழுதினார். 1485இல் பாஸ்வொர்த் போரில் அவர் வீழ்ந்த பின் அந்நூல், போரில் வென்று மன்னரான ஏழாம் ஹென்றியின் தாய் மார்கரெட் போஃபர்ட் கைக்குப் போனது. அவரும் தமக்காகச் செபிக்கும்படி அதில் எழுதி வைத்தார். எட்டாம் ஹென்றியும் ஆன் பொலினும் திருமணத்துக்கு முன் ஒரு மணிவேளை நூலின் ஓரங்களில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள்; மன்னர் தேர்ந்தது காயப்பட்ட கிறிஸ்துவின் படத்தின் அடி, ஆன் தேர்ந்தது மகன் பிறப்பான் என்று வானதூதர் சொல்லும் படத்தின் அடி. அந்தத் தேர்வில் எவ்வளவு அரசியல் இருக்கிறது பாருங்கள். அதே மன்னர் 1538இல், முன்பு ஒரு மன்னரை எதிர்த்துக் கொல்லப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டைப் புனிதர் பட்டியலிலிருந்து நீக்க ஆணையிட்டபோது, வீடுகளில் இருந்த நூல்களிலும் அப்பெயர் சுரண்டப்பட்டது. சிலர் மட்டும் படிக்க முடிகிற அளவுக்கு மெலிதாக ஒரு கோடு இழுத்துவிட்டு விட்டார்கள்.

எழுதாதவர்களும் தடம் விட்டிருக்கிறார்கள். ஏட்டின் கீழ் மூலையில் கட்டைவிரல் பட்ட அழுக்கின் அடர்த்தியை டென்சிடோமீட்டர் கருவியால் அளந்து, எந்தச் செபம் அதிகம் சொல்லப்பட்டது என்று கேத்ரின் ரூடி என்ற ஆய்வாளர் கணக்கிட்டார். கொள்ளைநோயிலிருந்து காப்பவராகக் கருதப்பட்ட புனித செபஸ்தியாருக்கான செபம் அவர் ஆராய்ந்த நூல்களில் மிகவும் அழுக்கேறிய பக்கங்களில் ஒன்று.

கடைசி ஐயம், ஒற்றை ஏடுகள். 1480களிலிருந்து பாரிசில் அச்சு நூல்கள் மலிவாக வந்தன. 1571இல் ஐந்தாம் பயஸ் பாப்பரசர் மரியாளின் செபநூலைத் திருத்தி வெளியிட்டுப் பழைய வடிவங்களை விலக்கினார். பயன்பாடு போன நூல் படத்துக்காக மட்டும் மதிக்கப்பட்டது. படம் வேண்டியவர் கத்தரிக்கோலை எடுத்தார். ழான் ஃபூக்கே வரைந்த எத்தியேன் ஷெவாலியேயின் நூல் 18ஆம் நூற்றாண்டில் துண்டாக்கப்பட்டது. 40 ஏடுகள் ஷான்டிலியில் சேர்ந்தன, மற்றவை பல நாடுகளில் சிதறின. நடுக்காலக் கலையைப் போற்றி எழுதிய ஜான் ரஸ்கினே 1854இல் ஒரு மாலையில் பூசை நூல் ஒன்றை வெட்டியதாகவும் அது கடின வேலை என்றும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். முழு நூலாக விற்பதைவிட ஏடேடாக விற்றால் அதிகம் கிடைக்கும் என்ற கணக்கு இன்றைக்கும் மாறவில்லை. ஆகவே ஏலத்தில் மலிவாக ஓர் ஏடு கிடைக்கிறதே என்று யாராவது கேட்டால், எப்போது பிரிக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள் என்பேன். அண்மையில் பிரித்ததென்றால் வாங்காதிருப்பதே முறை.

சில நேரம் பிரிந்தவை சேர்வதும் உண்டு. உட்ரெக்டில் ஏறத்தாழ 1440இல் கிளீவ்ஸின் கத்தரின் சீமாட்டிக்காகச் செய்யப்பட்ட நூல், ஓரச் சித்திரமாகச் சிப்பிகளையும் மீன்களையும் ரொட்டிகளையும் அப்படியே கண்முன் வைப்பது. 19ஆம் நூற்றாண்டில் ஒரு வணிகர் அதன் ஏடுகளைக் கலைத்து, இரண்டு முழு நூல்கள் போலத் தோன்றும்படி அடுக்கிக் கட்டி விற்றார். ஒரு பாதிதான் முழு நூல் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1963இல் நியூயார்க்கின் மார்கன் நூலகம் ஒரு பாதியை வாங்கியது. 1970இல் மற்றப் பாதியையும் வாங்கியது. 157 சித்திரங்களும் இப்போது ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. கத்தரின் எந்த வரிசையில் புரட்டினாரோ அந்த வரிசையில் மீண்டும் அவற்றைப் பார்க்க முடிகிறது.